அடைபட்ட காற்றும் உயிரும்

மூச்சும் உயிரும் ஒன்றா, வேறா என்னும் வினாவுக்குத் தமிழ்ச் சைவம் இருவேறு விடை கூறுவதுபோல் தோன்றும். மூச்சை அடக்கினால் உடல் நிலைபெறும் எனச் சித்தர் மரபு வற்புறுத்த, 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டாரோ, உயிர் உண்டென நிறுவும் சிவஞானபோத மூன்றாம் நூற்பாவில், பிராணவாயுவே உயிர் என்பாரை மறுக்கிறார். சித்தர் கோரக்கரின் குகை எனச் சுட்டப்படும் குகையை இன்றும் காட்டும் கொல்லிமலையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அடைபட்ட காற்று வேலை செய்யும் முறையைக் கண்ணெதிரே காட்டும் பட்டறையிலிருந்து இதனை ஆராயலாம்.

1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் கொண்ட கொல்லிமலையின் பைல் நாட்டில், ஒருவர் வீட்டையொட்டிய பட்டறைக்குக் காற்றுக்குழாய் அமைப்பதாகக் கொள்வோம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்திருப்பதால், அளவுமானி 7 பார் காட்டுவதற்குக் கடற்கரையில் எட்டுப் பங்கு காற்றை ஒரு பங்காக நெருக்கும் கம்ப்ரசர், இம்மலையில் ஏறக்குறைய ஒன்பது பங்கை நெருக்க வேண்டும். நெருக்குண்டு சூடேறிய காற்று குளிரும்போது, அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும்; பனிமூட்டம் மிகுந்த நாளில் அந்நீர் இன்னும் கூடும். ஆகவே தலைக்குழாயைச் சற்றுச் சரிவாக இட்டு, கிளைக்குழாய்களை அதன் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழிறக்கி, தாழ்ந்த முனையில் நீரை வடிக்க ஒரு திருகுகுழாய் வைப்பர். தண்ணீருக்கு இடும் பிவிசி குழாயை இதற்கு இடவே கூடாது. அது வெடித்தால் சில்லுகள் ஆளைத் துளைக்கும். இவ்வளவும் சரியாக இருந்தும், ஏதோ ஓர் இணைப்பில் மெல்லிய சீறல் ஒன்று இருந்துவிட்டால், விடிவதற்குள் தொட்டி வெறுமையாகிவிடும்.

சித்தர் மரபின் கவலையும் இக்கசிவைப் பற்றியதே. நாடி என்னும் சொல்லுக்கே உள்துளையுள்ள குழாய் என்பது பொருள். உடலில் அத்தகைய நாடிகள் 72,000 என்றும், ஒரு நாளில் மூச்சு 21,600 முறை இயங்கும் என்றும், பன்னிரண்டு அங்குலம் வெளியேறும் மூச்சில் எட்டு அங்குலமே மீள, நான்கு அங்குலம் வீணாகும் என்றும் அம்மரபு கணக்கிட்டது. அவ்விழப்பைத் தடுப்பதற்காகவே திருமூலர், உள்ளிழுத்தலாகிய பூரகத்திற்கு 16, நிறுத்தலாகிய கும்பகத்திற்கு 64, வெளிவிடுதலாகிய இரேசகத்திற்கு 32 என மாத்திரை அளவு வகுத்தார்.

மெய்கண்டாரின் மறுப்போ உறக்கத்தைச் சான்றாகக் கொள்கிறது. ஆழ்ந்து உறங்குபவனிடம் மூச்சு இடையறாது ஓடியும், அவன் எதையும் நுகர்வதில்லை, எவ்வினையும் செய்வதில்லை. எனவே நுகர்வதும் செய்வதும் மூச்சன்று. அழுத்தம் குறைந்தால் தானே ஓடி, நிறைந்தால் தானே நின்று, கம்ப்ரசர் இரவெல்லாம் குழாயை நிரப்பி வைத்தாலும், குழாயில் பூட்டிய கருவியின் விசையை அழுத்தும் விரல் வராதவரை ஒரு நட்டும் கழலாது என்பது இதற்கு மிகப் பொருத்தமான உவமை. அவ்விரலுக்கு ஒப்பான உயிரும் தற்சுதந்திரம் உடையதன்று, பிறிதொன்று உணர்த்தினால்தான் உணரும் என்று அதே நூற்பா மேலும் கூறுவது, உவமை எட்டாத இடம்.

காற்றைக் காப்பது வேறு, காற்றையே உயிரென மயங்குவது வேறு. முன்னதைச் சித்தர் கற்பித்தனர், பின்னதை மெய்கண்டார் விலக்கினார். இதில் முரண் இல்லை; மூச்சடக்கத்தை விரித்துரைக்கும் திருமூலரின் திருமந்திரமும் சைவத் திருமுறைகளுள் பத்தாவதாக இடம்பெற்றிருக்கிறது.