களைப்பும் அறிதுயிலும்

மன அழுத்தம் என்னும் சொல் இன்று நம் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் வெகு சாதாரணமாகப் புழங்குகிறது. சொல்லோடு அதற்கான பரிகாரங்களும் வந்து சேர்ந்துள்ளன. கண்களை மூடி, மூச்சைச் சீராக்கி, ஒருவரது மென்மையான குரலைக் கேட்டபடியே ஆழ்ந்த அமைதிக்குள் இறங்கும் அறிதுயில் சிகிச்சை அவற்றுள் ஒன்று. நகரத்தில் பணங்கொடுத்துப் பெறவேண்டியிருந்த இவ்வசதி இப்போது ஒலிப்பதிவாகிக் கைத்தொலைபேசி வழியே ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் எட்டிவிட்டது. இரவில் அதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்று கூறும் ஆசிரிய நண்பர்கள் நம்மிடையே உளர். தொழிலின் கொடுமையை மறக்கச் செய்யும் எதுவும் மயக்க மருந்தே என்று அவர்களைக் கடிந்துகொள்ளும் நண்பர்களும் உளர். இரு சாராரும் நம்மவரே. ஆதலின் வினாவைச் சற்று நிதானமாகவே ஆராய்தல் தகும். நிலைமையை மாற்றாமல், அந்நிலைமை விளைவித்த வேதனையை மட்டும் தணிப்பது அறமாகுமா?

இச்சிகிச்சைக்கு நம் மொழியில் இரு பெயர்கள் வழங்குகின்றன. மனோவசியம் என்பது ஒன்று. அறிதுயில் என்பது மற்றையது. வசியம் என்பது ஒருவரை இன்னொருவர் தம் கட்டுக்குள் கொணர்தல். அறிதுயிலோ திருமாலின் உறக்கத்துக்கு முன்னோர் வழங்கிய சொல். துயில்வதுபோல் தோன்றினும் அறிவு விழித்திருக்கும் நிலை அது. ஒரே செய்கைக்கு வழங்கும் இவ்விரு சொற்களுக்கும் இடையிலேயே நம் வினாவின் பெரும்பகுதி கிடக்கிறது எனலாம்.

விஞ்ஞானம் இரண்டாவது சொல்லின் பக்கமே நிற்கிறது. உடலுக்குள் பாயும் ஏதோவொரு காந்தத் திரவத்தால் நோய் தீர்ப்பதாக மெஸ்மர் பாரிஸ் நகரில் நடத்திய ஆரவாரத்தை, 1784இல் பிராங்ளின், லவோசியே முதலியோர் அடங்கிய அரச விசாரணைக் குழு ஆராய்ந்து, அத்தகைய திரவம் இருப்பதற்குச் சான்றில்லை என்று முடிவு கூறியது. பின்னர் மன்செஸ்டரில் பணியாற்றிய ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்ட், 1843இல் வெளியிட்ட நூலில், நோயாளியின் குவிந்த கவனமே இதற்குக் காரணமென விளக்கினார். உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதற்குப் பெயரும் வைத்தார். ஆயினும் இது உறக்கமன்று. கேட்பவர் விழித்தே இருக்கிறார். உடல் வலியைத் தணிப்பதில் இதன் பயனுக்கு நல்ல சான்றுகள் உண்டு. தொழிற் களைப்பைப் போக்குவதிற் சான்றுகள் மெலிந்தவையே. எனினும், அரைமணி நேரம் அசையாமல் படுத்து மூச்சைச் சீராக்கும் ஒருவருக்குச் சிறிதேனும் ஆறுதல் கிடைக்கும் என்பதை மறுக்க யாருக்கும் உளவியல் நூல் வேண்டியதில்லை.

இது நம் பகுதிக்குப் புதிய சரக்குமன்று. 1845இல் வங்காளத்து ஹூக்ளியில் பணியாற்றிய ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்னும் வைத்தியர், மயக்க மருந்து புழக்கத்துக்கு வருமுன்னரே, இம்முறையால் வலி தெரியாமற் சத்திரசிகிச்சைகள் செய்தார். மறுவருடம் கல்கத்தாவில் இதற்கெனவே ஒரு வைத்தியசாலை பரிசோதனையாக அமைக்கப்பட்டது. கத்தியின் வேதனையிலிருந்து ஏழைகளைக் காத்த அக்காரியம் கருணை மிக்கதே. ஆனால் அவர் கைப்பட்ட முதல் நோயாளி ஒரு சிறைக்கைதி. மணிக்கணக்காக நோயாளியின்மேற் கைகளை அசைத்துத் துயிலுறச் செய்தவர்களோ பெரும்பாலும் அவருக்குக் கீழ்ப்பட்ட உள்ளூர் உதவியாட்கள். நோவு தீர்க்கும் கையும் ஆளுங் கையும் ஒன்றாயிருந்த காலம் அது.

இன்னொரு கையையும் இலங்கை கண்டதுண்டு. ஆபிரகாம் கோவூரை நம் வாசகர்கள் அறிவார்கள். 1898இல் கேரளத்துத் திருவல்லாவிற் பிறந்த இவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி உட்பட இலங்கையின் பல கல்லூரிகளில் தாவரவியல் கற்பித்து 1959இல் ஓய்வு பெற்றார். பின்னர் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக 1978இல் மறையும்வரை உழைத்தார். பேய் பிடித்தவரென்றும், செய்வினைக்கு ஆளானவரென்றும் கொண்டுவரப்பட்டவர்களை அவர் அறிதுயிலில் ஆழ்த்தி வினவினார். அவர் கண்டவை பேய்களல்ல. அடக்கப்பட்ட ஆசைகளும், வீட்டார் இழைத்த கொடுமைகளும், வெளியிற் சொல்லமுடியாத பயங்களுமே. அவ்வாறு கண்டபின் வீட்டாரையும் அழைத்துப் புத்தி கூறினார். கோவூரிடம் சென்றவர் பேசினார். கைத்தொலைபேசியில் வரும் குரலிடம் செல்பவரோ கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார். அக்குரலுக்கு அவர் யார், எந்தப் பாடசாலை, எத்தனை மைல் ஏறி நடக்கிறார் என்பதொன்றும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே கடற்கரை, ஒரே இளந்தென்றல்!

பேசுதல் என்றதும் மலையகத்தின் பழைய வழக்கமொன்று நினைவுக்கு வருகிறது. லயத்திலே ஒரு பெண் சோர்ந்து விழுந்தால் கோடாங்கி அழைக்கப்படுவார், உடுக்கு ஒலிக்கும், அவள் தலைவிரித்து ஆடத் தொடங்குவாள். அந்த ஆட்டத்தின்போது புருஷனையும் மாமியாரையும், ஏன், கங்காணியையுங்கூட அவள் ஏசலாம். ஆவியே பேசுகிறது என்பதால் மறுநாள் அவளைக் கேட்பார் இல்லை. நாம் கோடாங்கிக்கு வக்காலத்து வாங்கவில்லை. கோழிக்கும் படையலுக்கும் கடன்பட்ட குடும்பங்களையும், வேப்பிலை அடியில் நொந்த உடல்களையும் நாம் அறிவோம். என்றாலும் அவ்விருட்டிலே அவளுக்கு வாய் இருந்தது. ஆடவர்களுக்கு வாய்த்த மயக்க மருந்தோ அதுவுமில்லாதது. தோட்டத்தையடுத்த தவறணை அதை அரசாங்க அனுமதியோடு விற்று வந்திருக்கிறது.

களைப்புக்குச் சூட்டப்படும் பெயரே ஆளுக்கு ஆள் வேறுபடுவதைக் கவனிக்க வேண்டும். துரைக்கு வந்தால் 'டென்ஷன்'. ஆசிரியருக்கு வந்தால் மன அழுத்தம். கொழுந்து பறிப்பவளுக்கு வந்தால் சோம்பல். தொழிலால் எரிந்து ஓய்தல் என்னும் கருத்தை 1974இல் எழுதி வைத்த உளவியலாளர் பிராய்டன்பேர்கர், நியூயோர்க்கின் இலவச வைத்திய நிலையமொன்றில் உழைத்தவர்களைக் கண்டே அதை எழுதினார். வைத்தியர், தாதி, ஆசிரியர் என்று அக்கருத்துப் பரவிற்று. பொழுது விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மழையிலும் அட்டைக்கடியிலும் சரிவேறிப் பறித்து, கொழுந்து மடுவத்தில் நிறைக்கு நிற்பவளிடம் அச்சொல் இன்னும் வந்து சேரவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் கிலோக் கணக்கை எட்டினால் அவளுக்கு முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிபடுவது வேறு. கவ்வாத்துக்கோ புல்வெட்டுக்கோ போன ஆண்மகன் பிற்பகலில் வீடு திரும்பிவிடுவான். அவளுக்கோ மாலையில் இரண்டாவது பெரட்டு வீட்டிலே தொடங்குகிறது. இவளுக்கு எந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவது? படுத்தவுடன் உறங்கிவிடுகிறாள், அவளுக்கு வேண்டியது உறங்குவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

உலக சுகாதார தாபனமே 2019இல் தொழிற்சோர்வைத் தனது நோய்ப் பட்டியலில் எப்படிக் குறித்தது? நோய் என்று குறிக்கவில்லை; சரிவரக் கையாளப்படாத வேலைத்தல அழுத்தத்தால் விளையும் தொழில்சார்ந்த தோற்றப்பாடு என்றே குறித்தது. அதாவது பழுது இருக்குமிடம் வேலைத்தலம். அப்படியிருக்க, உழைப்பவரது மனத்தை மட்டும் திருத்தப் புறப்படுவது, கூரை ஒழுகும் லயத்திலே குடியிருப்பவருக்கு நனையாமலிருக்கப் பயிற்சி கொடுப்பதை ஒக்கும்.

வேதனை சில வேளை அறிவாகவும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருக்க நேர்ந்தது. போவதற்கு அவர்களுக்கு வேறு காணியோ வீடோ இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாடு மண்சரிவுகளால் நிலைகுலைந்தது. மழை இரவில் உறங்காமற் சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடம், 'உன் மனம் அமைதியடைகிறது, நீ பாதுகாப்பாக இருக்கிறாய்' என்று ஒரு குரல் கூறுமாயின் அக்குரலைச் சிகிச்சை என்று சொல்ல நாம் ஒருப்படோம்.

ஆயினும் முதலிற் கூறிய கண்டிப்பான நண்பர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. அபினி என்ற சொல்லை மார்க்ஸிடமிருந்து எடுத்து வீசுவோர், அவர் காலத்து ஐரோப்பாவில் அபினி வலி தீர்க்கும் மருந்தாகவும் எங்கும் விற்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். வலி தாங்காதவன் மருந்தை நாடியதற்காக அவனைக் குற்றஞ்சாட்டுவது எந்த வகைப் புரட்சி? துன்பம் முற்றினால் மக்கள் தாமே எழுவர் என்ற நம்பிக்கையும் அனுபவத்தோடு பொருந்தவில்லை. தூங்காதவர் கூட்டத்துக்கு வருவதில்லை. 1995இல் இலங்கையிலே தற்கொலை இலட்சம் பேருக்கு 47 என்னும் கொடிய அளவை எட்டியது. அவ்வுயிர்கள் புரட்சிக்கு உதவவில்லை. அந்நாட்டில் அதன்பின் பத்தாண்டுகளில் அவ்வளவு பாதியாகக் குறைந்தது. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைச் சட்டத்தால் தடை செய்ததே அதற்கு முக்கிய காரணமென ஆய்வாளர் கூறுகின்றனர். கோடிக்கணக்கான மனங்களை ஒவ்வொன்றாகத் தேற்ற முடியாத இடத்தில், ஒரு சட்டம் அவ்வளவு உயிர்களைக் காத்தது. அதற்காக, அந்த ஆண்டுகளில் நோயாளியின் கையைப் பிடித்துப் பேசிய தாதியின் வேலை வீணென்று யாராவது சொல்வார்களா?

ஆகவே ஒலிப்பதிவைக் கேட்டு உறங்கும் ஆசிரியர் உறங்கட்டும். நாம் பார்க்க வேண்டியது, அக்குரல் அவரிடம் என்ன சொல்கிறது என்பதையே. 'உடல் தளர்கிறது, மூச்சு சீராகிறது' என்பது வரை அது அறிதுயில். 'உன் அழுத்தம் நீயே உண்டாக்கிக்கொண்டது. உன் எண்ணத்தை மாற்றினால் எல்லாம் மாறும்' என்று தொடங்கியதும் அது வசியமாகிவிடுகிறது. 2014ஐ அடுத்த ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளராக எடுக்கப்பட்ட இளைஞர்களுக்கு மாதக் கொடுப்பனவாக முதலில் வழங்கப்பட்டது 6,000 ரூபா. அத்தொகையிலே வாடகையும் பஸ் கட்டணமும் கொடுத்து வாழ்ந்தவரது அழுத்தம் எந்த எண்ணத்தால் உண்டானது? 2021 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை நாடெங்கும் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்துப் போராடினார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, சம்பள முரண்பாட்டில் ஒரு பகுதி தீர்ந்தது. அம்மாதங்களில் நம்மிற் பலர் பயந்தோம். ஆயின் சோர்ந்திருந்தோம் என்று சொல்ல மாட்டோம்.

தோட்டத்தில் இவ்வழக்கு இன்னும் கடினமானது. அதே 2021இல் சம்பள நிர்ணயச் சபையின் முடிவால் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு இரசாயன உரத்தடையால் செடியிற் கொழுந்து குறைந்திருந்தும் அவ்வாறாயிற்று. கூலி ஏறியதை நாம் கொண்டாடிய வேளையில் அதன் விலை அவளது தோளிலும் இடுப்பிலும் வசூலாயிற்று. சம்பளத்தைப் பேசும் மேசையில், ஒரு நாளுக்கு எத்தனை கிலோ, எத்தனை மணி, நடுவில் எவ்வளவு ஓய்வு என்பவற்றையும் சேர்த்துப் பேசும்படி தொழிற்சங்கங்களை நெருக்குவது, படித்து ஆசிரியராகிவிட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இயலாத காரியமன்று. அவர்களுட் பலரின் தாய்மார் இன்றும் மலையில்தான் நிற்கிறார்கள்.