டப்பாவுக்குள் ஓர் அடங்காப்பிடாரி

தேர்வில் தோற்றுவிட்டாயா? வேலை போய்விட்டதா? "நொறுங்கிப் போனேன்" என்று மூலையில் முடங்கிவிட்டாயா? வா தம்பி, நொறுங்குவது என்றால் என்னவென்று காட்டுகிறேன்.

1956. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். டப்பாவில் அடைத்த இறைச்சியைக் கெடாமல் காக்க, ஆர்தர் ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி காமா கதிரைப் பாய்ச்சிச் சோதித்துக்கொண்டிருந்தார். எந்தக் கிருமியும் மிஞ்சாது என்று நம்பிய அளவுக்குப் பாய்ச்சியும் இறைச்சி கெட்டுப்போனது! உள்ளே ஒரு செந்நிற நுண்ணுயிர் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ். கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. 5 கிரே பட்டாலே மனித உயிருக்கு உலை. இதுவோ 5,000 கிரேயை வாங்கிக்கொண்டும் பெருகுகிறது.

உடம்பு இரும்பா என்றால், இல்லவே இல்லை. அடி விழுந்ததும் இதன் டி.என்.ஏ.வும் நூற்றுக்கணக்கான துண்டாகத்தான் சிதறுகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலைக்கு ஆகும் சேதம்தான் ஏறக்குறைய இதற்கும். ஈ.கோலை அத்தோடு முடிகிறது. இது சில மணி நேரத்தில் துண்டுகளைத் தேடிப் பிடித்து, வரிசை பார்த்து, ஒட்டி எழுந்துவிடுகிறது! மரபுச் செய்தியைப் பல படிகளாக வைத்திருப்பதால், ஒன்றில் அறுந்த இடம் மற்றொன்றில் முழுதாக இருக்கும். அதைவிடப் பெரிய சங்கதி, பழுதுபார்க்கும் புரதங்களை மாங்கனீசுச் சேர்மங்கள் பொத்திப் பொத்திக் காக்கின்றன. வீடு இடிந்தாலும் கொத்தனார் பிழைத்திருக்கிறார்.

உன் கொத்தனாரை என்ன செய்தாய்? சோற்றை வெறுத்தாய். தூக்கத்தைத் துரத்தினாய். நண்பன் பேசக் கூப்பிட்டால் போனைத் துண்டித்தாய். இடிந்த சுவருக்கு அழுதுகொண்டே, கட்டுகிற கையையும் முறிப்பவனை என்னவென்று சொல்ல?

பூமியில் இயற்கையாக எங்குமே இவ்வளவு கதிர்வீச்சு கிடையாது. பிறகு எங்கே பழகியது? வறட்சியில்தான் என்று கருதுகிறார்கள் ஆய்வாளர்கள். நீர் வற்றினாலும் டி.என்.ஏ. இப்படியே அறுபடும். காய்ந்து காய்ந்து கற்ற வேலைதான், கண்டறியாத பேரிடிக்கும் கைகொடுத்தது. விண்வெளி நிலையத்துக்கு வெளியே 3 ஆண்டுகள் காய்ந்து கிடந்த இதன் கட்டிகளில், மேலடுக்கு மாண்டு நிழல் தர, உள்ளடுக்கு உயிரோடு பூமிக்குத் திரும்பியது!

நீயும் காய்ந்தவன்தானே? ஒற்றைச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுப் படித்தவன்தானே? அந்தக் கை இன்னும் உன்னிடம் இருக்கிறது. நேற்றிரவு அம்மா மூடி வைத்த தட்டு அப்படியே கிடக்கிறது. இன்றைக்கும் ஒன்று வரும். எழுந்து முகம் கழுவு. அதைத் திறந்து சாப்பிடு. அப்புறம் நண்பனைக் கூப்பிடு.