அறிவித்தலும் இணங்குவித்தலும்

ஒருவரின் சம்மதம் எப்பொழுது அவருக்கே உரியதாகின்றது? வாயால் இசைவு தெரிவித்தமையால் மட்டும் அது நிறைவெய்துவதில்லை. எதற்கு இசைகின்றோம் என அறிந்திருத்தலும், மறுப்பதற்கு வழி திறந்திருத்தலும் அதற்கு இன்றியமையாதன. தெளிந்த மதியுடைய வளர்ந்தோர் ஒவ்வொருவருக்கும் தம் உடலிற் செய்யப்படுவதைத் தீர்மானிக்கும் உரிமை உண்டென நீதியரசர் கார்டோசோ 1914இல் நியூயோர்க்கிலே தீர்ப்புரைத்தார். 1972இல் கன்ரபரி எதிர் ஸ்பென்ஸ் வழக்கு இதனை மேலும் தெளிவாக்கிற்று. எவற்றைச் சொல்லவேண்டும் என்பதை அளக்கும் கோல் வைத்தியரின் வழக்கமன்று. முடிவெடுக்க வேண்டிய நோயாளியின் தேவையே என்பது அதன் சாரம்.

ஏனைய சிகிச்சைகளிற் பொருந்திய இக்கோட்பாடு கருக்கலைப்பிற் சிக்கலுற்றது. கருவின் நிலையை அறியாது எடுக்கும் முடிவு அறிந்தெடுத்த முடிவாகாது என்பர் ஒரு சாரார். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மீட்கவியலாத செயலொன்றின் முன் நின்று சிந்திக்குமாறு கூறுவது தவறன்று. ஆயினும், கூறுபவர் கேட்பவளின் அறிவை விரிக்க விழைகின்றாரா, அன்றித் தாம் விரும்பும் முடிவை அவள் வாயால் வருவிக்க விழைகின்றாரா என்னும் வினா எஞ்சுகின்றது.

ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் இவ்வினாவுக்கு இருவேறு விடைகள் பகர்ந்தது. சம்மதத்தின் பெயரால் பெண்ணின் மனத்தைத் திருப்ப முயன்ற விதிகளை அது 1983இலும் 1986இலும் செல்லாவென நீக்கிற்று. 1992இல், கேசி வழக்கில், பென்சில்வேனியா மாநிலத்தின் அத்தகைய விதிகளை ஏற்றது. செய்தி உண்மையானதாயும் திரிபற்றதாயும் இருப்பின், மகப்பேற்றையே தான் விரும்புவதாக அரசு வெளிப்படுத்தலாம் என்றது. இருபத்துநான்கு மணிநேரக் காத்திருப்பு, வசதி குறைந்தோருக்கும் நெடுந்தூரம் பயணிப்போருக்கும் பெருஞ்சுமையாகும் என்பதை அறிந்தும் அதனை அனுமதித்தது. கணவனுக்கு அறிவித்தல் வேண்டும் என்ற விதியை மட்டும் நீக்கிற்று. 2022இல் கேசித் தீர்ப்பே மாற்றப்பட்டது. எனினும் அது எழுப்பிய ஒழுக்கவியற் சிக்கல் மாறவில்லை.

ஜேர்மனி வேறு வழி சென்றது. பிறவா உயிரைக் காக்கும் கடமை அரசுக்குண்டு என அதன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1993இல் வலியுறுத்திற்று. ஆயின், ஆரம்ப வாரங்களில் தாயை எதிர்த்தன்றி அவளோடு இணைந்தே அதனைக் காக்கவியலும் எனவும் கண்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட நிலையமொன்றில் மதியுரை பெற்று மூன்று நாள் கழிந்தபின், பன்னிரு வாரங்களுக்குள் செய்யப்படும் கருக்கலைப்புத் தண்டனைக்குரியதன்று. அம்மதியுரை உயிர்காப்பை நோக்கியதெனச் சட்டம் ஒளியாது கூறுகின்றது. முடிவு அவளதே எனவும் கூறுகின்றது. காரணம் கூறுமாறு அவளை வற்புறுத்தலாகாது. கருக்கலைப்பைச் செய்யும் வைத்தியர் மதியுரையாளராக இருத்தலும் ஆகாது. இதிலும் முரண் உண்டு: மதியுரையைக் கட்டாயமாக்கிய அந்நாடே, தாம் கையாளும் முறையை வைத்தியர் பகிரங்கமாக விளக்குவதை 2022வரை தண்டித்து வந்தது.

இவ்விரு வழிகளையும் ஒப்புநோக்கின் ஓருண்மை புலனாகும். அறிவித்தல் வேறு, இணங்குவித்தல் வேறு. இரண்டாவது எப்பொழுதும் தீதன்று. தாயும் தோழியும் இணங்குவிக்க முயல்கின்றனர். அது முதலாவதன் வேடம் பூண்டு வருவதே தீது. வைத்தியரின் சொல்லை நோயாளி நம்புவது, அது தன் நலங்கருதியது என்பதனாலாகும். அச்சொல்லில் அரசின் விருப்பம் கலக்குமாயின் சம்மதத்தின் அடித்தளமே தளரும்.

இதற்கோர் உரைகல் உண்டு. கருவைச் சுமக்கத் தீர்மானித்தவளிடம், மகப்பேற்றின் இடர்களைக் கேட்டு ஒருநாள் காத்திருந்து மீண்டும் வருமாறு எச்சட்டமும் கூறுவதில்லை. அறிவே நோக்கமாயின் இவ்வேறுபாடு எதற்கு? உயிரைப் போற்றும் அரசு அதனைப் பேறுகால உதவியாலும் குழந்தைப் பராமரிப்பாலும் வெளிப்படையாகக் காட்டலாம். சம்மதப் பத்திரம் அதற்குரிய இடமன்று. அறிந்து மறுக்கவும் அறிந்து ஏற்கவும் ஒருங்கே இடமளிப்பதே சம்மதமாகும்.