பக்குவம் யார் பொறுப்பு?

ஹேவாஹெட்டவுக்கும் தெல்தோட்டைக்கும் மலைத்தொடர் ஒன்று, தேயிலையும் ஒன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மாவட்ட எல்லை நடுவே ஓடுகிறது. தெல்தோட்டை கண்டி மாவட்டம். ஹேவாஹெட்ட, நுவரெலியா மாவட்டத்தின் ஹங்குராங்கெத்த பிரிவு. உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று, கண்டி அல்ல. தகுதி முழுக்க முழுக்க ஆளுக்குள்ளேயே இருக்கிறது என்று நம்புகிறவர் இந்தக் கோட்டுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் புள்ளியில் பாடசாலையின் ஆய்வுகூடமும், இல்லாத ஆசிரியரும் கலந்திருப்பதை அரசே கணக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த ஒப்புதல் பல்கலைக்கழக வாசலோடு நின்றுவிடுகிறது என்பதே என் வாதம்.

வாசலுக்கு அப்பால் நடப்பது தெரிந்ததே. உயர்தரம்வரை தமிழில் பௌதிகம் படித்தவர் பேராதனையின் பொறியியல் பீடத்தில் முதல் விரிவுரையையே ஆங்கிலத்தில் கேட்கிறார். பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையில் பல தொகுதியினருக்கு ஓராண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. அந்தக் காலம் பெரும்பாலும் யாருடைய பொறுப்பிலும் இல்லை. முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1990களில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, தெரிவானவர்களுக்கு அனுமதிக்கு முன்னரே ஜெல்ட் என்ற ஆங்கிலப் பயிற்சியை நடத்தியது. பல்கலைக்கழகங்களும் புதுமுக மாணவருக்கு ஆங்கில வகுப்பு வைக்கின்றன. 2011இல் அரசு இன்னொரு வழி கண்டது: இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி. மாணவரிடம் இல்லாதது ஒழுங்குதான் என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும்! நிறுவனம் விட்ட இடத்தைச் சீனியர்கள் நிரப்பும்போது அதன் பெயர் பகிடிவதை. புதியவரைப் பழக்குகிறோம், எல்லோரையும் சமமாக்குகிறோம் என்பதே அதற்கும் சொல்லப்படும் நியாயம். 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவர் ஒருவர் அதனால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு தடைச் சட்டம் வந்தது. ஆகவே வருபவரைத் தயார்ப்படுத்தும் வேலை எப்படியும் நடக்கிறது. யார், எந்த உரிமையில், எதற்காகச் செய்கிறார் என்பதே கேள்வி.

இதை நிர்வாகக் கேள்வியாக மட்டும் பார்த்தால் விடை நிதி ஒதுக்கீட்டோடு முடிந்துவிடும். சைவ சித்தாந்தம் இதே கேள்வியை வேறு தளத்தில் நூற்றாண்டுகளாகக் கேட்டிருக்கிறது: உயிர் பக்குவம் அடைவது யாருடைய வேலை? உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் அநாதி. உயிர் தேடிக்கொண்ட குற்றமல்ல. அதனால்தான் பக்குவம் வந்தபின் வா என்று இறைவன் கதவை மூடிக்கொள்வதில்லை. உடலும் கருவிகளும் உலகமும் தந்து, தன் அருளையே மறைத்து நின்று, பக்குவப்படுத்தும் வேலையை அவனே ஏற்கிறான். இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்றாக இருப்பது இதனால்தான். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் மாயையை விடியும்வரை எரியும் விளக்குக்கு ஒப்பிட்டார். விளக்கு சூரியனாகாது. ஆனால் இருட்டில் இருப்பவரிடம் விடிந்ததும் பார்த்துக்கொள் என்று சொல்வதும் அருளாகாது. புத்தரும் நான்கு உண்மைகளை எல்லோரிடமும் எடுத்த எடுப்பில் சொன்னதில்லை. தானம், சீலம் என்று படிப்படியாகப் பேசி, கேட்பவர் மனம் ஆயத்தமானபின் சொன்னார் என்கின்றன பாளி நூல்கள். இரு மரபிலும் ஆயத்தம் செய்யும் சுமை கொடுப்பவர் மேல்தான் விழுகிறது. அனுமதிக்கு முந்தைய முன்பயிற்சி வகுப்பைப் பல்கலைக்கழகமே தன் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

இங்கே ஒரு சைவரே மறுக்கலாம்: அவரவர் வினைப்படி அவரவர் நிலை, தோட்ட லயத்தில் பிறந்ததும் வினைதானே? இந்தப் பேச்சு பக்தியாக ஒலித்தாலும் சித்தாந்தமாகாது. வினை சடம், அறிவற்றது. தன் பயனைத் தானே கொண்டுபோய்ச் சேர்க்க அதற்கு இயலாது என்பது சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபு இறைவன் உண்டென்று நிறுவக் கையாளும் வாதங்களுள் ஒன்று. வினையோடு கணக்கு முடிந்துவிடுமானால் இறைவனுக்கே வேலை இல்லை. தவிர, 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தால். அதை ஊழின் தலையில் கட்டுவது சட்டம் இயற்றியவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

திறமையின் பேரால் வரும் மறுப்பு இதைவிடக் கனமானது. உதவி கூடினால் முயற்சி குறையும், பட்டத்தின் மதிப்புத் தாழும் என்பார்கள். பரீட்சையை இலகுவாக்கச் சொன்னால் அது சரி. முன்பயிற்சி பரீட்சையைத் தொடுவதில்லை; வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றே. சித்தாந்தத்திலும் இறைவன் உயிருக்காகச் சரியை என்னும் தொண்டைச் செய்வதில்லை, செய்யக் கருவி தருகிறான். எனக்கு உண்மையில் சங்கடம் தருவது வேறொரு மறுப்பு: தனி வகுப்பு என்றதும் தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் நாளே ஒரு முத்திரை விழும். ஆனால் பதியாகிய இறைவன் ஒருவனுக்கே இயல்பாய் மலமில்லை என்பது உண்மையானால், வகுப்பும் எல்லோருக்கும் உரியது. கண்டி நகரத்துக் கல்லூரியிலிருந்து நல்ல ஆங்கிலத்தோடு வருபவருக்கும் அங்கே ஒரு மேசை வேண்டும். அவருக்கு ஆங்கில இலக்கணம் தேவைப்படாது; பக்கத்தில் இருப்பவரின் மொழி தேவைப்படலாம். ஹேவாஹெட்டப் பிள்ளைகள் பலர் சிங்களமும் தமிழும் பேசியே வளர்கிறார்கள். அந்த வகுப்பில் சில நாட்களுக்கு ஆசிரியர் இடத்தில் அவர்கள் நிற்கலாம்.