விடுபட்ட எண்

293318625600. இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் கோடி. ஆதார் எண் மாதிரியே 12 இலக்கம்.

1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றியது. 12-ஐ எடுத்துக்குங்க. 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் நாலுக்கு மேல் கிடையாது. அடுத்து 24, 36, 48, 60 என்று போகும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இந்த வரிசையை அவர் 6746328388800 வரை கொண்டுபோனார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. கொடுத்தது இந்த வேலைக்குத்தான்.

மேலே சொன்ன 12 இலக்க எண் அந்தப் பட்டியலில் இல்லை. விட்டுப்போச்சு. இத்தனைக்கும் அதை 23-ஆல் பெருக்கினால் வருவதுதான் பட்டியலின் கடைசி எண்!

விட்டதால் அந்த எண்ணுக்கு என்ன நஷ்டம்? ஒண்ணுமில்லை. அதன் 5040 காரணிகளும் அப்படியேதான் இருக்கின்றன.

இந்த 5040-க்கு ஒரு பழைய கதை உண்டு. பிளேட்டோ 'சட்டங்கள்' நூலில் தன் லட்சிய நகரத்துக்கு 5040 நிலமுள்ள குடும்பங்கள் என்று வரையறுக்கிறார். 1 முதல் 10 வரை எதால் வகுத்தாலும் மீதி வராது. நிலம் பிரிக்க, வரி போட, படை திரட்ட வசதி. ஜனம் கூடிப்போனால் வெளியே குடியேற்றம் அனுப்பிடலாம் என்கிறார். எனக்கு அந்த 5041-ஆவது வீட்டுக்காரர் மேல்தான் கண். 5041 என்பது 71-இன் வர்க்கம், மூணே காரணிகள். நிர்வாகத்துக்கு உதவாத எண்.

மேல்மலையனூரில் அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்க வரும் கூட்டத்தை 'லட்சக்கணக்கானோர்' என்று எழுதுவாங்க. எண்ணினது யாருமில்ல. அதனால் வந்தவங்க யாருக்கும் குறையில்லை. அதே ஊரில் எங்க தெருப் பாட்டி ஒருத்தி பேர் ஏதோ ஒரு உதவித்தொகைப் பட்டியலில் விட்டுப்போனப்ப, அந்த மாசமே அரிசிப் பானையில தெரிஞ்சது.

அப்போ பட்டியலே வேணாமா? அதையும் என்னால சொல்ல முடியல. பட்டியல் இல்லாத காலத்தில் உதவி போனது பெரிய வீட்டுத் திண்ணைக்குத் தெரிஞ்சவங்களுக்குத்தான். அந்தத் திண்ணைக்கு வெளியே நின்னவங்களுக்குக் கிடைச்ச முதல் பிடிமானம், காகிதத்தில் ஏறின பேர்.

கணிதத்தில் 'இவ்வளவுதான், வேற இல்லை' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கணும். விடுபட்ட எண் மனு எழுதாது. யாராவது உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டு அதைக் கண்டுபிடிக்கணும். ராமானுஜனுக்கே அந்தச் சலுகை கிடையாது. ஆனா ஆபீஸ்ல, பட்டியல் சரின்னு வச்சுக்கிட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்குது. 'நான் இருக்கேன்'னு நிரூபிக்கிற பாரம், எதிரே நிக்கிற பாட்டியோடது. அவளும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு செஞ்சி பஸ்ஸுக்கு நிப்பா. உயிரோட இருக்கிறதுக்குச் சான்றா, அவளையே நேர்ல பார்த்த பிறகும், இன்னொரு காகிதம் கேட்டாங்க.