உப்பில் அடுத்திருப்பவர் யார்?



இன்று நாம் கேட்ட நற்செய்தியில் ஆண்டவர் தம் சீடர்களை உப்புக்கு ஒப்பிடுகிறார். உப்பு என்றதும் சுவை நினைவுக்கு வரும். கெடாமல் காக்கும் குணமும் நினைவுக்கு வரும். கருவாடு போடுகிற வீட்டில் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று சுவையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு உப்பின் உருவத்தைப் பார்ப்போம்.

ஒரு சிட்டிகைத் தூள் உப்பைக் கறுப்புத் துணியில் தூவி, பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். குட்டிக் குட்டிப் பெட்டிகளாகத் தெரியும். ஆறு முகம், சதுர முகம். பெரிய உப்புப் படிகம் ஒன்றைப் பிளந்தாலும் சின்னப் பெட்டிகளே கிடைக்கும். அவற்றைச் செதுக்கியவர் யாருமில்லை. பிறகு இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் நம் திருச்சபையின் குரு. பெயர் ரெனே ஜூஸ்ட் அவுயீ. பிரான்சில் 1743இல் ஏழை நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பாரிசில் ஆசிரியராக இருந்தவர். ஒருநாள் நண்பர் வீட்டில் கால்சைட் படிகம் ஒன்று அவர் கைதவறி விழுந்து உடைந்தது என்பார்கள். வேறொருவராக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் துண்டுகளைப் பெருக்கியிருப்பார். அவரோ குனிந்து உற்றுப் பார்த்தார். முழுக்கல்லின் வடிவம் ஒன்று, உடைந்த துண்டின் வடிவம் வேறொன்று. வேறு உருவமுள்ள கால்சைட் கற்களை உடைத்தபோதும் அதே சாய்சதுரத் துண்டுகள்தான் வந்தன. வெளித்தோற்றம் எதுவானாலும், உள்ளே ஒரே வடிவச் சிறு அலகுகள் செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று 1784இல் எழுதினார். உள்ளே இருப்பது உடையும்போது வெளியே தெரிகிறது. கல்லுக்கு மட்டுமா இது பொருந்தும்?

அந்த அடுக்குக்குள் என்ன இருக்கிறது என்று காண இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1913இல் வில்லியம் பிராக் என்ற தந்தையும், 23 வயதான அவர் மகன் லாரன்சும் உப்புப் படிகத்துக்குள் எக்ஸ் கதிர்களைச் செலுத்தினார்கள். கதிர்கள் அணுவரிசைகளில் பட்டுத் தெறித்த கோணங்களைக் கொண்டு, எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். உப்பில் சோடியமும் குளோரினும் ஜோடி ஜோடியாக இருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அங்கே ஜோடியே இல்லை! ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின்: முன்னே, பின்னே, வலம், இடம், மேலே, கீழே. ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் அப்படியே ஆறு சோடியம். "இது எனக்கு மட்டும்" என்று எதுவும் எதையும் சொந்தம் கொண்டாட முடியாது. கால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான ஒரு பரலின் ஓரத்தில் இப்படிப் பத்து லட்சம் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். சோடியத்தை ஒட்டி நிற்பது சோடியம் அல்ல. ஆறு பக்கமும் வேற்று இனம். சோடியம் தன் எலெக்ட்ரான் ஒன்றைக் கொடுத்திருக்கிறது, குளோரின் அதை வாங்கியிருக்கிறது. கொடுத்ததும் வாங்கியதும்தான் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. அந்தக் கல்லை ஓங்கி அடித்தால் ஓர் அடுக்கு ஓரிடம் நகர்கிறது. அப்போது சோடியத்துக்கு நேரே சோடியம், குளோரினுக்கு நேரே குளோரின். ஒத்தவை ஒன்றையொன்று தள்ள, கல் பிளந்துவிடுகிறது.

அன்புக்குரியவர்களே, நம் பங்கு எங்கே பிளக்கிறது? நம் சாதிக்காரர், நம் தெருக்காரர், நம் வசதிக்காரர் என்று தன்னைப் போன்றவரோடு மட்டும் நின்றுகொள்ளும் இடத்தில்தானே? அன்பியக் கூட்டத்தில்கூட யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது என்று யோசிக்கும் இடத்தில்தானே? வெளியிலிருந்து விழும் அடி சிறியதாக இருக்கலாம். நாம் நகர்ந்து நின்ற இடம்தான் நம்மைப் பிளக்கிறது.

அவுயீயும் அடி வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது, குருக்கள்மேல் அரசு சுமத்திய உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் 1792இல் சிறைப்பட்டார். அவருடைய 20 வயது மாணவர் எத்தியேன் ஜெஃப்ருவா அறிவியல் அறிஞர்களின் கதவுகளைத் தட்டி அவரை மீட்டார். சில வாரங்களில், செப்டம்பர் தொடக்கத்தில், அதே இடத்தில் அடைபட்டிருந்த குருக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அவுயீயைத் தாங்கிப் பிடித்தவர்கள் அவரைப் போன்ற குருக்கள் அல்லர். வேறு பாதையில் நின்ற ஒரு மாணவரும் சில அறிஞர்களும். அவர்களும் அவருக்கு அடுத்திருப்பவர்களாக இருந்தார்கள்.

இன்னும் சிறிது நேரத்தில் ஒருவருக்கொருவர் சமாதானம் பகிரப்போகிறோம். வழக்கமாக நம் கை கூப்பும் திசை தெரிந்ததுதான்: கணவர், மனைவி, கூட வந்த தோழி. இன்று ஒருமுறை பின்னால் திரும்புங்கள். தூணுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள். பெயர் தெரியாத ஒருவர் அங்கே நிற்பார். ஆமென்.