உண்பதும் எண்ணுவதும்

பொழுது புலரவில்லை. ஒரகடம் நாற்சந்தியிலே நிற்கிறோம். கீழ்வானம் வெளுக்குமுன்னரே பேருந்து விளக்குகளால் சாலை வெளுத்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக ஆலைப் பேருந்துகள் வருகின்றன. இரவுப் பணி முடித்தோர் இறங்குகின்றனர். காலைப் பணிக்குச் செல்வோர் ஏறுகின்றனர். கழுத்திலே அடையாள அட்டை, தோளிலே பை, கண்ணிலே தீராத தூக்கம்! இருபது அகவை, இருபத்திரண்டு அகவை; பலருக்கு அதற்கு மேலிராது.

தேநீர்க் கடையோரம் ஒரு தங்கை நிற்கிறாள். ஒரு கையிலே தேநீர், மறு கையிலே கைப்பேசி. கைப்பேசியிலே எவரோ ஒருவர் இனிய குரலிலே அறிவுரை வழங்குகிறார்: உண்ணும்போது உணவையே எண்ணுங்கள், ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்லுங்கள், இயற்கையோடு இயைந்து வாழுங்கள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மலைப்பக்கம் சென்று மனத்தைக் கழுவி வாருங்கள் என்று. அறிவுரை முடியுமுன் பேருந்து வந்துவிட்டது. தங்கை தேநீரை ஒரே மடக்கிலே குடித்தாள், ஓடினாள், ஏறினாள்.

முப்பத்திரண்டு முறை மெல்லச் சொன்னவர் தொடர்ந்து பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார். கேட்கத்தான் அவளுக்கு நேரமில்லை!

தோழர்களே! அந்த அறிவுரையை எள்ளி நகையாட இதனை எழுதவில்லை. மென்று உண்பது நன்று. அளவறிந்து உண்பது அதனினும் நன்று. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, அதன் பின்னரே உண்பவனுக்கு மருந்தே தேவைப்படாது என்னும் கருத்தை வள்ளுவர் தந்துள்ளார். மரத்தடியிலே அமர்வதும், மழையைக் கண்டு மகிழ்வதும், புதிய ஊர் காண்பதும் மாந்தர்க்கு வேண்டாதவை என்று எவர் சொல்வார்?

நாம் எழுப்புவது வேறொரு வினா. விழிப்போடு உண்ணுங்கள் என்கிறார்களே, எதைக் குறித்த விழிப்பு அது? நம் நாவைக் குறித்தா? நம் உடலைக் குறித்தா? அல்லது, அந்தக் கவளத்தை நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த கைகளைக் குறித்துமா?

உணவைப்பற்றிய விழிப்பு இந்நாட்டிற்குப் புதிதன்று. உணவைக் குறித்து நம் ஆசாரக்காரர்கள் விழித்திருந்ததைப்போல் உலகிலே வேறெவரும் விழித்திருந்ததில்லை! யார் சமைத்தது, யார் தொட்டது, யார் பார்த்தது, யாருடைய நிழல் பட்டது என்று, ஒவ்வொரு பருக்கைக்கும் காவல் வைத்தவர்கள் அவர்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் மடி.

இந்தத் திருப்பெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர் என்று புகழப்படுவது. அவர் காஞ்சியிலே வாழ்ந்த நாளில் நடந்ததாக வைணவ நூல்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறும். பிறப்பிலே தாழ்ந்தவர் என்று ஊர் ஒதுக்கிய திருக்கச்சி நம்பியை, இராமானுசர் தம் இல்லத்திற்கு உணவருந்த அழைத்தாராம். அவர் வெளியே சென்றிருந்த வேளையிலே நம்பி வந்தார், உண்டார், சென்றார். மனைவியார் அந்த இலையை அகற்றி, அவர் அமர்ந்திருந்த இடத்தைக் கழுவி, குளித்து, மீண்டும் புதிதாகச் சமைத்தாராம். திரும்பி வந்து அதைக் கண்ட இராமானுசர் மனம் நொந்தார் என்பது கதை.

கதை நிகழ்ந்ததோ, புனையப்பட்டதோ, அந்த ஆராய்ச்சி நமக்கு இங்கே தேவையில்லை. அது காட்டும் உண்மையைப் பாருங்கள். அந்த அம்மையார் உணவிலே கவனமற்றவரா? இல்லை. இலையிலே கவனம்; தரையிலே கவனம்; அடுப்பிலே கவனம்; குளியலிலே கவனம். எதிரே அமர்ந்து உண்ட மனிதரிடத்திலே மட்டும் கவனமில்லை! குற்றம் முழுவதையும் அந்தப் பெண்ணின் தலையிலே சுமத்திவிட்டுக் கதை நகர்கிறது. அவருக்கு அந்த ஆசாரத்தைக் கற்பித்தவர்கள் ஆடவர்களல்லவா என்று கதை கேட்கவில்லை. நாம் கேட்கிறோம்.

ஆகவே, கவனம் என்பது தன்னளவிலே அறமாகிவிடாது. ‘என்னை எது தீண்டிவிடுமோ’ என்று அஞ்சுவதும் கவனந்தான். ‘இவன் பசி தீர்ந்ததா’ என்று வினவுவதும் கவனந்தான். முன்னது மடி, பின்னது மனிதம். இன்று, நச்சு கலவாத அரிசி வேண்டும், செக்கிலே ஆட்டிய எண்ணெய் வேண்டும், அமைதியான இடத்திலே அமர்ந்து அதனை உண்ணவேண்டும் என்று வாழ்வோர் பெருகிவருகின்றனர். அவை நல்லவையே. ஆயின், அந்த அரிசியைக் கழுவும் வேலைக்காரப் பெண் தன் வீட்டிலே எதை உண்கிறாள் என்ற நினைப்பு அவற்றோடு சேர்ந்து வரவில்லையென்றால், பழைய மடிதான் புதிய ஆடை உடுத்தி வந்திருக்கிறது என்போம்.

இனி, நாம் நிற்கும் நிலத்தைப் பாருங்கள். செங்கற்பட்டும் காஞ்சியும் சேர்ந்த பகுதி ஏரிகளின் நாடு என்றே பெயர் பெற்றது. ஒரு பக்கம் செம்பரம்பாக்கம். மறு பக்கம் திருப்பெரும்புதூர் ஏரி. இடையிலே எண்ணிலடங்காச் சிற்றேரிகள். நெல் விளைந்த வட்டாரம் இது. 1998இலே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை மகிழுந்து செய்யத் தொடங்கியது. 2006இலே திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை கைப்பேசி செய்யத் தொடங்கி, 2014இலே கதவடைத்தது. 2010இலே ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. வயல்களிடையே வந்த மாற்றம் இது. ஆலை வந்ததைத் தீமை என்று சொல்வோர் கூட்டத்திலே நாம் இல்லை. சேற்றிலே குனிந்த முதுகைச் சம்பளம் பெறும் முதுகாக நிமிர்த்தியது ஆலை. ஊர்க்கோடியிலே ஒதுக்கப்பட்டவனுக்கும் ஊர்த்தலைவன் மகனுக்கும் ஒரே பேருந்திலே இருக்கை தந்தது ஆலை. தந்தையின் கையை எதிர்பார்த்திருந்த மகளுக்குத் தன் பெயரிலே வங்கிக் கணக்கைத் தந்தது ஆலை. நன்று! ஆயின், அந்த மகளுக்கு எத்தகைய சோறு தந்தனர்?

2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் நடுவிலே அதற்கு விடை கிடைத்தது. இந்த வட்டாரத்துப் பாக்ஸ்கான் ஆலையிலே, ஆப்பிள் நிறுவனத்துக்காகக் கைப்பேசி செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதிகளுள் ஒன்று பூந்தமல்லிக்கு அருகே இருந்தது. அங்கே உண்ட உணவு நஞ்சாயிற்று. 159 பெண்கள் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர். டிசம்பர் 17ஆம் நாளிரவு, அவர்களுடைய தோழியர் ஆயிரக்கணக்கிலே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்தமர்ந்தனர். பெற்றோர் உடனில்லை, தலைவர் எவரும் அழைத்து வரவில்லை. பனிக்குளிரிலே, வெறுந்தரையிலே, விடிய விடிய அமர்ந்திருந்தனர்!

உடன் பணியாற்றியோர் சிலர் இறந்துவிட்டனர் என்னும் செய்தி அன்று பரவியிருந்தது. அது மெய்யன்று, ஒருவரும் இறக்கவில்லை. பகுத்தறிவு பேசும் நாம் இதை மறைத்தல் ஆகாது. நமக்கு ஆதரவான வதந்தியும் வதந்தியே! ஆயினும், வதந்தி ஏன் வேர் பிடித்தது என்று ஆராய்வதும் பகுத்தறிவின் கடமையே. தோழி எங்கே என்று கேட்டவளுக்கு உரிய நேரத்திலே உண்மை கிடைத்திருக்குமானால், பொய்க்கு அங்கே என்ன வேலை? மருத்துவமனையிலிருந்த பெண்களைக் காணொளியிலே காட்டிப் பேசவைத்த பின்னரே ஐயம் அகன்றது. அதற்கிடையே பெண்கள் பலர் காவலிலே வைக்கப்பட்டனர்.

ஆலை மூடப்பட்டது. தொலைவிலுள்ள விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்களும் தன் அளவுகோலுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே டிசம்பர் 29ஆம் நாள் ஒப்புக்கொண்டது. 2022 சனவரி 12ஆம் நாள்தான் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

உலகெங்கும் கைகளிலே மின்னும் ஒரு பொருள், ஒரு சமையற்கட்டின் தூய்மைக் கேட்டினால் ஏறத்தாழ ஒரு திங்கள் தடைப்பட்டு நின்றது! தட்டிலே இருந்தது சிறிய செய்தி என்று எண்ணியிருந்தோர்க்கு, அது எத்துணைப் பெரிய செய்தி என்று அந்தப் பெண்கள் கற்பித்தனர். தாம் உண்பது யாது, அதனைச் சமைத்த இடம் எத்தகையது, அதற்குப் பொறுப்பாளர் யார், உடன் உண்ட தோழி என்ன ஆனாள் என்று நான்கையும் ஒருங்கே எண்ணியவர்கள் அவர்கள். விழிப்போடு உண்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் உண்டோ?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்திற்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது, அதற்குள் அரை மணியேனும் ஓய்வு தரவேண்டும் என்றது. 250 பேருக்கு மேற்பட்ட ஆலைகளிலே உணவகம் வேண்டும் என்று விதி செய்யவும், அதன் மேற்பார்வையிலே தொழிலாளர்க்கு இடமளிக்கவும் வழி வகுத்தது. உண்பவனுக்கே உணவைப்பற்றிப் பேசும் உரிமை என்னும் கருத்து அன்றே ஏட்டிலே ஏறிவிட்டது. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்திற்குப் புதிய தொகுப்பு வந்துவிட்டது. சட்டம் மாறினாலும், 2021 கற்பித்த பாடம் மாறவில்லை. ஆலை உணவகத்தைக் கண்ட கண், ஆலை வாயிலோடு நின்றுவிட்டது. ஒப்பந்தக்காரர் நடத்திய விடுதியின் அடுப்படியை எட்டிப் பார்க்கவில்லை. நஞ்சு அங்கேதான் இருந்தது!

2024 ஆகஸ்டிலே வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான பெருங்குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு 700 கோடி உரூபாய்க்கு மேற்பட்ட செலவிலே கட்டித் திறந்தது. நெடுஞ்சாலையிலே விழித்திருந்த ஓர் இரவு வீண்போகவில்லை என்பதற்கு அது சான்று. ஆனால், கட்டடம் எழுந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாமா? புதிய சுவருக்குள்ளும் பழைய அடுப்படி புகுந்துவிடக்கூடும். உண்போரின் குரலுக்கு அங்கே இடமுண்டா என்பதை நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார்: “எப்போதும் கூலி, சோறு, விடுதி என்றே பேசுகிறீர்களே! மரமும் மழையும் மாலை வானமும் உழைப்பாளிக்கு வேண்டாமா?” என்று. வேண்டும்! வேண்டும் என்பதாலேதான் பேசுகிறோம். செம்பரம்பாக்கம் ஏரியிலே மாலைக் கதிரவன் மறையும் அழகைக் காணக் கட்டணமில்லை. ஆனால் காண்பதற்கு ஒரு மாலைப்பொழுது வேண்டுமே! 1923ஆம் ஆண்டு மே முதல் நாள், சென்னையிலே சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்று உலகத் தொழிலாளர் எழுப்பிய முழக்கத்தின் உட்பொருள் என்ன? எஞ்சிய நேரத்திலே உறங்கவும், படிக்கவும், உறவாடவும், வானத்தைப் பார்க்கவும் உரிமை வேண்டும் என்பதன்றோ? சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலே நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது, அதே ஆண்டு மே முதல் நாள், அது திரும்பப் பெறப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இயற்கையை விரும்புவோர் அனைவரும் அந்த நாளைக் கொண்டாடியிருக்க வேண்டும். உழைப்பவளுக்கு மாலைப்பொழுதை மீட்டுத் தந்த நாளல்லவா அது!

பயணமும் அவ்வாறே. ஒருவர் தம்மைத் தேடி மலையேறுகிறார். மற்றொருத்தி பிழைப்பைத் தேடித் திருவண்ணாமலையிலிருந்து பேருந்து ஏறி ஒரகடம் வந்து இறங்குகிறாள். முன்னவர் பயணத்தைப்பற்றி நூல்கள் எழுதப்படுகின்றன. பின்னவள் பயணத்தைப்பற்றி எழுத, அவள் கையொப்பமிடும் வருகைப் பதிவேடு ஒன்றே இருக்கிறது.

வள்ளுவர் ஓர் அரிய செயல் செய்தார். இருப்பதைப் பகிர்ந்து பல உயிர்களையும் பேணி உண்ணுதலே அறங்களுள் தலையானது என்னும் கருத்தை அவர் எங்கே வைத்தார் தெரியுமா? விருந்தோம்பல் அதிகாரத்திலே அன்று, ஈகையிலும் அன்று, கொல்லாமை அதிகாரத்திலே வைத்தார்! பகிராமல் உண்பதும், பிறர் உண்ணும் சோற்றைக் குறித்துக் கவலையற்றிருப்பதும், கொலைக்கு அயலிலே வாழும் குற்றங்கள் என்று கொள்வதற்கு இடமிருக்கிறதல்லவா?

இளந்தோழர்களே! மேடையிலே இதனைப் பேசுமுன், ஒன்று செய்யுங்கள். இன்றிரவு வீட்டிலே உண்ண அமரும்போது, யார் கடைசியிலே உண்கிறார் என்று பாருங்கள். நாம் பகுத்தறிவு பேசிக்கொண்டே பானையின் மேற்சோற்றை உண்கிறோம். அம்மாவோ அக்காவோ அடிப்பானையை வழிக்கிறார்! சாதியின் மடியைச் சாடிய நாம், சமையலறையின் வாசலிலே வந்ததும் வாய்மூடிவிடுகிறோம். எல்லோரும் ஒரு சேர அமர்ந்து, எடுத்துப் பரிமாறி, உண்ட தட்டைத் தாமே கழுவும் வழக்கம் ஒவ்வோர் இல்லத்திலும் வரட்டும். பிறகு வெளியே செல்லுங்கள். விடுதிகளிலே தங்கியிருக்கும் தோழியரைக் கேளுங்கள்: சமையற்கட்டைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டா? குறையைச் சொன்னால் கேட்பவர் உண்டா? சொன்ன பின் உங்கள் வேலை இருக்குமா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை வரும்வரை, விழிப்போடு உண்ணுங்கள் என்னும் அறிவுரையைச் சமைப்போரிடமும், சமைக்கச் செய்வோரிடமும் முதலிலே சொல்லுவோம்.

பொழுது விடிந்துவிட்டது. பேருந்துகள் சென்றுவிட்டன. தேநீர்க் கடைக்காரர் குவளைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அந்தத் தங்கை இந்நேரம் பணியிலே நிற்பாள். அவள் இழந்த அந்த ஒரு குவளைத் தேநீர் நேரம் அவளுக்கு மீளட்டும். அதன்பின் அவள் முப்பத்திரண்டு முறை மெல்வாளோ, மூன்று முறை மெல்வாளோ, அது அவள் விருப்பம்!